சத்தம் போடாதே

என் கைபேசியில் 19 பதிவுகள் கிடக்கின்றன. எல்லாமே ஒரே லாரி, ஒரே எஞ்சின், ஒரே சத்தம். ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்திருக்கிறேன்: 'காலைக் குளிரில்', 'இறக்கத்தில்', 'சூடேறிய பிறகு', 'ஆயில் மாற்றியபின்', 'பாரத்தோடு'. பழைய லாரி வாங்கிய ஒருவன் எப்படிப் படிப்படியாகப் பைத்தியமாகிறான் என்பதை ஆராய விரும்புகிறவர்கள் அவற்றை வரிசையாகக் கேட்டால் போதும். முதல் பதிவில் எஞ்சின் மட்டும் கேட்கும். பத்தாவதுக்கு மேல் என் பெருமூச்சும் சேர்ந்து கேட்கும். வேலை முடிந்து இரண்டு மாதம் ஆகிறது, லாரி ஒழுங்காக ஓடுகிறது, ஆனாலும் அவற்றை அழிக்க மனம் வரவில்லை. அந்தப் 19-இல் ஒன்று மட்டும் வீடியோ. அதற்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

லாரி என் கைக்கு வந்தபோது நான் அதற்கு மூன்றாவது உரிமையாளர். ஆறு சிலிண்டர் டீசல், டர்போ உண்டு, பழைய முறை பம்ப். கம்ப்யூட்டரை மாட்டிக் குறையைக் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாத தலைமுறை. வாங்குவதற்கு முன் மூன்று முறை போய்ப் பார்த்தேன். மூன்று முறையும் நான் போய்ச் சேரும்போது எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. "நீங்கள் வருவீர்கள் என்று ஸ்டார்ட் செய்து வைத்தேன்" என்றார் விற்றவர். அதை உபசாரம் என்று எடுத்துக்கொண்டேன். பழைய வண்டியை எஞ்சின் ஆறியிருக்கும்போது பார்க்க வேண்டும் என்பது பாலபாடம். அது எனக்குத் தெரியும், பிறருக்கும் சொல்லியிருக்கிறேன். தெரிந்த பாடத்தில்தான் கோட்டை விட்டேன்.

வாங்கிய மறுநாள் விடியற்காலையில் சாவியைத் திருப்பியதும் கேட்டது. எஞ்சினின் வழக்கமான உறுமலுக்கு அடியில் இன்னொரு சத்தம். பூட்டிய அறைக்குள் இருக்கும் ஒருவர் விரல் கணுவால் கதவைத் தட்டுவதுபோல, அவசரம் இல்லாமல், ஆனால் விடாமல். ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் அழுத்தினால் தட்டலும் வேகம் எடுத்தது. ஏழெட்டு நிமிடத்தில் தானாகத் தேய்ந்து மறைந்தது. டீசல் என்றால் தட்டத்தானே செய்யும் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

அந்தச் சமாதானத்தில் பாதி உண்மை இருக்கிறது. டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது. காற்றைப் பதினாறில், பதினெட்டில் ஒரு பங்காக நெருக்கி, அந்தச் சூட்டில் டீசலைப் பீய்ச்சுகிறார்கள். பீய்ச்சியதும் உடனே பற்றுவதில்லை, கண்ணிமைப்பில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத ஒரு தயக்கம் உண்டு. அதற்குள் சேர்ந்துவிட்ட டீசல் ஒரேயடியாகப் பற்றும்போது அழுத்தம் எகிறி, இரும்பு அதிர்கிறது. குளிரில் தயக்கம் கூடும், தட்டலும் கூடும். புதிய காமன் ரெயில் எஞ்சின்கள் (எல்லா நாசில்களுக்கும் ஒரே பொது அழுத்தக் குழாயிலிருந்து டீசல் போகும் வகை) முதலில் ஒரு துளியைப் பற்றவைத்துவிட்டுப் பிறகு மீதியைப் பீய்ச்சுவதால் அவ்வளவு அதட்டிப் பேசுவதில்லை. ஆக, குளிரில் தட்டும் பழைய டீசலைப் பார்த்துப் பதற வேண்டியதில்லை. ஆனால் அந்தத் தட்டல் ஆறு சிலிண்டரிலும் சமமாகப் பரவிய ஒரு பொதுச் சத்தம். எனக்குக் கேட்டது கூட்டத்தில் ஒரே ஒருவர் இருமுவதுபோல இருந்தது. இரண்டாவது வாரம், நன்றாகச் சூடேறிய எஞ்சினில், ஒரு நீண்ட இறக்கத்தில் அது மறுபடியும் கேட்டபோது சமாதானம் கலைந்தது.

ஆறு பேர், ஆறு சொல்

ஆறு பேரிடம் கேட்கக் கொடுத்தேன். ஆறு சொற்கள் கிடைத்தன. ஒருவருக்கு அது 'டக்டக்'. ஒருவருக்கு 'லொடலொட'. எனக்கு முன்பு லாரி ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் கண்ணை மூடிக்கொண்டு ஒரு நிமிடம் நின்றுவிட்டு 'கிண்கிண்' என்றார். எனக்கு அதில் கிண் எதுவும் கேட்கவில்லை, ஆனாலும் தலையாட்டினேன். வேடிக்கை என்னவென்றால், சொல் மாறியதும் நோயும் மாறியது. டக்டக் என்றவர் டேப்பெட் (வால்வைத் தள்ளும் பாகம்) என்றார். லொடலொட என்றவர், பிஸ்டன் அதன் உறையான லைனருக்குள் ஆடுகிறது என்றார். கிண்கிண் என்றவர், சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் நாசில் மீது பழியைப் போட்டார். புகைபோக்கி மேனிஃபோல்டில் கசிவு என்று ஒருவர். கிளட்சை மிதித்துப் பார், சத்தம் போனால் கியர் பெட்டி பேரிங் என்று இன்னொருவர். மிதித்தேன், போகவில்லை. கடைசியாகக் கேட்டவர் 'தட், தட்' என்று மேசையில் கை முஷ்டியால் தட்டிக் காட்டி, பிஸ்டனைக் கிராங்க் என்ற சுழலும் அச்சோடு இணைக்கும் கனெக்டிங் ராடு என்றார். அவர் மெக்கானிக். அவர் சொன்னதும் மற்ற ஐவரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். எனக்கும் அதன்பிறகு அது 'தட் தட்' என்றுதான் கேட்டது. இன்று பழைய பதிவைப் போட்டாலும் அப்படித்தான் கேட்கிறது.

நம் மொழியில் சத்தத்துக்குச் சொற்கள் அதிகம். அதுவே இந்த விஷயத்தில் ஒரு கண்ணி என்று நினைக்கிறேன். நல்ல சொல் ஒன்று கிடைத்துவிட்டால் காது வேலையை நிறுத்திவிடுகிறது. பள்ளியில் இரட்டைக்கிளவி படித்திருப்போம்: சலசல, கடகட. இரண்டாகப் பிரித்தால் பொருள் தராது என்பார் தமிழ் ஆசிரியர். எஞ்சின் சத்தமும் அந்த வகைதான். ஒற்றை டக்குக்குப் பொருள் கிடையாது. முதல் டக்குக்கும் அடுத்த டக்குக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி சேதி சொல்லும்.

அந்த இடைவெளியை எண்ண முடியும். நான்கு வீச்சு எஞ்சினில் கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால், வால்வுகளைத் திறக்கும் அச்சான கேம் ஒரு சுற்று சுற்றும். ஐடிலிங்கில், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காதபோது, நிமிடத்துக்கு 600 சுற்று என்றால் கிராங்க் வினாடிக்கு 10 முறை, கேம் 5 முறை. டேப்பெட், வால்வு, ஒரு தனி நாசில் ஆகியவை கேமின் தாளத்தில் தட்டும். கிராங்கோடு ஒட்டிய பேரிங்குகள் பெரும்பாலும் கிராங்கின் தாளத்தில் தட்டும். ஒரு பதிவை நான்கில் ஒரு பங்கு வேகத்தில் ஓடவிட்டு, மேசையில் விரலால் தட்டிக்கொண்டே எண்ணினேன். நான்கு வினாடியில் பத்துத் தட்டு. அதாவது உண்மையில் வினாடிக்குப் பத்து. டேப்பெட் விழுந்தது, நாசில் விழுந்தது. எனக்கு அன்று ஏற்பட்ட பெருமை கொஞ்சநஞ்சம் அல்ல. கணக்கும் சரி. ஆனால் கிராங்கின் தாளத்தில் தட்டுவதெல்லாம் கிராங்க்தான் என்று அந்தக் கணக்கு எங்கும் சொல்லவில்லை. அதை நானாகச் சேர்த்துக்கொண்டேன்.

பேரிங் என்று முடிவானது

மெக்கானிக் அண்ணன் என்னைவிட இருபது வயது மூத்தவர். அவரிடம் வேலை கற்றவர்களிடம் வேலை கற்றவர்களே இப்போது தனிக் கடை வைத்திருக்கிறார்கள். அவருடைய கருவிகளில் எனக்குப் பிடித்தது ஒரு முழ நீள ஸ்க்ரூ டிரைவர். நுனியை எஞ்சின் மீது வைத்து, கைப்பிடியைக் காதுக்கு முன்னால் இருக்கும் எலும்பில் அழுத்திக்கொண்டு, வாய் கொஞ்சம் திறந்தபடி நிற்பார். 1816-இல் லாயென்னெக் என்ற பிரெஞ்சு மருத்துவர் காகிதத்தைக் குழலாகச் சுருட்டி நோயாளியின் நெஞ்சில் வைத்துக் கேட்டதிலிருந்து ஸ்டெதஸ்கோப் பிறந்தது. மருத்துவர்கள் காகிதக் குழலை விட்டுவிட்டார்கள், மெக்கானிக்குகள் ஸ்க்ரூ டிரைவரை விடவில்லை. அவர் எஞ்சினின் இடப்பக்கம் முழுக்க வைத்துப் பார்த்துவிட்டு, கீழ்ப்பகுதியில், முன்பக்கத்திலிருந்து நடுவரை பலமாக இருக்கிறது என்றார். இரும்பில் ஒலி காற்றில் போவதைவிடப் பத்து மடங்குக்கு மேல் வேகமாக ஓடும். ஓரிடத்தில் தட்டினால் முழு பிளாக்கும் பாடும். பலமாகக் கேட்கும் இடமும் தட்டும் இடமும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. இது அவருக்குத் தெரியாததா? ஆனால் சாட்சியங்கள் ஒவ்வொன்றாக வந்து அவர் பக்கமே நின்றன.

முதல் சாட்சியம், ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் சத்தம் வந்தது. ராடு பேரிங் தேய்ந்திருந்தால் அப்படித்தான் வரும். எரிப்பின் அழுத்தம் பிஸ்டனை ஒரே பக்கமாகத் தள்ளிக்கொண்டிருக்கும்வரை இடைவெளி மூடியிருக்கும், பாரம் விலகியதும் ராடு அங்குமிங்கும் விழும். இரண்டாவது, நெரிசலில் மெதுவாக ஊர்ந்து எஞ்சின் நன்றாகச் சூடேறியபின் அதிகமாக வந்தது. சூட்டில் ஆயில் இளகும், இளகினால் பேரிங் பேசும். இதுவும் பாடப்புத்தகம். மூன்றாவது சாட்சியம்தான் என் வயிற்றைக் கலக்கியது. ஆயிலை வடித்துவிட்டு ஃபில்டரை வெட்டி, உள்ளே இருந்த மடிப்புக் காகிதத்தைச் செய்தித்தாள் மேல் விரித்தார். வெயிலில் சாய்த்துப் பிடித்தபோது மடிப்புகளின் நடுவே பொடிப் பொடியாக ஏதோ மின்னியது. செய்தித்தாளுக்கு அடியில் காந்தத்தை நகர்த்தினார். இரும்பாக இருந்தால் கூடவே ஊர்ந்து வர வேண்டும். ஒன்றும் அசையவில்லை. ஒரு துகளை நகத்தில் எடுத்து என் முகத்துக்கு நேரே நீட்டினார். செம்பின் நிறம். பேரிங் ஓட்டின் முதுகு எஃகு, அதன்மேல் செம்பு கலந்த உலோகம், எல்லாவற்றுக்கும் மேல் ஒரு மெல்லிய மென்பூச்சு. செம்பு தெரிகிறது என்றால் மேல்பூச்சு போய்விட்டது என்று அர்த்தம்.

"பேரிங்தான் தம்பி. இனிமேல் கேட்டுக்கொண்டிருப்பதில் பிரயோஜனம் இல்லை" என்றார்.

பேரிங் என்றதும் பலரும் இரும்பும் இரும்பும் உரசும் இடம் என்று நினைக்கிறார்கள். ஒழுங்கான எஞ்சினில் அவை தொட்டுக்கொள்வதே இல்லை. கிராங்க் சுழலும்போது ஆயிலை ஆப்புபோல அடியில் இழுத்து, அந்தப் படலத்தின் மேல் மிதக்கிறது. இதை முதலில் கண்டது ஒரு தற்செயல். 1883-இல் இங்கிலாந்தில் பீச்சம்ப் டவர் என்பவர் ரயில் அச்சு பேரிங்குகளைச் சோதித்துக்கொண்டிருந்தபோது, பேரிங்கின் மேலே ஆயில் விடுவதற்காக ஒரு துளை போட்டார். அச்சு சுழன்றதும் ஆயில் அந்தத் துளை வழியாக மேலே பொங்கியது. தக்கையால் அடைத்தார், பிதுக்கித் தள்ளியது. மர முளையால் அடைத்தார், அதையும் தள்ளியது. உள்ளே இருந்த அழுத்தத்தின் கணக்கை 1886-இல் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் எழுதிக் காட்டினார். லாரி எஞ்சின் பேரிங்கில் அந்தப் படலத்துக்கு விடப்படும் இடைவெளி ஏறக்குறைய ஒரு தலைமுடியின் தடிமன்தான். அது கூடினால் ஆயில் பக்கவாட்டில் ஓடிவிடும், ஆயில் அழுத்தமும் இறங்கும். என் லாரியில் ஆயில் மீட்டர் முள் எவ்வளவு சூட்டிலும் இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை. அதை நான் சொன்னேன். "மீட்டரை நம்பாதே" என்றார். நானும் நம்பாமல் இருந்துவிட்டேன். நமக்குப் பிடிக்காத சாட்சியத்தைப் பொய்சாட்சி என்று தள்ளுவது எவ்வளவு எளிது.

இன்னொரு முரணும் இருந்தது. சூட்டில்தான் தட்டும் என்றால், வாங்கப் போன மூன்று நாளும் சூடான எஞ்சின் ஏன் வாயே திறக்கவில்லை? இதை நான் யோசிக்கவே இல்லை. விற்றவர் கெட்டி ஆயில் ஊற்றி மறைத்திருப்பார் என்று எல்லோரும் சொன்னார்கள். பிறர்மீது சந்தேகம் வந்துவிட்டால் இப்படிப்பட்ட கேள்விகள் எழுவதில்லை.

நான்காவது நாசில்

எந்த சிலிண்டர் என்று தெரிந்தால் வேலை சுருங்கும். அதற்கு ஒரு பழைய முறை இருக்கிறது. எஞ்சின் ஐடிலிங்கில் ஓடும்போது ஒவ்வொரு நாசிலுக்கும் போகும் குழாயின் நட்டைக் கொஞ்சம் தளர்த்த வேண்டும். டீசல் வெளியே கசிந்துவிடும், அந்த சிலிண்டர் எரியாது. எரியாத சிலிண்டரின் ராடு மீது அடி விழாது. ஆகவே, எந்த நட்டைத் தளர்த்தும்போது தட்டல் அடங்குகிறதோ அதுதான் குற்றவாளி. (இது பழைய பம்ப் எஞ்சினில் மட்டும், அதுவும் கை பழகியவர்கள் செய்ய வேண்டியது. காமன் ரெயில் எஞ்சினில் குழாய்க்குள் அழுத்தம் ஆயிரம் பாருக்கு மேலும் போகும் (ஒரு பார் என்பது ஏறக்குறைய நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்). நட்டைத் தொட்டால் டீசல் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகும். படித்துவிட்டு யாரும் ஸ்பேனரோடு கிளம்ப வேண்டாம்.)

நான் கைபேசியில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தேன். கேபினுக்குள் அவரிடம் வேலை பழகும் பையன் உட்கார்ந்திருந்தான், எஞ்சின் நின்றுவிடாமல் பார்த்துக்கொள்ள. ஒன்றாவது நட்டு. எஞ்சின் நொண்டியது, தட்டல் அப்படியே. முறுக்கினார். இரண்டாவது, மாற்றம் இல்லை. மூன்றாவது, இல்லை. நான்காவது நட்டைத் தளர்த்திய கையோடு தட்டல் தேய்ந்தது, இரண்டு மூச்சில் அடங்கியே போனது. அவர் திரும்பி என்னைப் பார்த்த பார்வையில் வெற்றி எல்லாம் இல்லை, ஒரு துக்கம் இருந்தது. நட்டை மறுபடி முறுக்கினார். எஞ்சின் சீரானது. தட்டல் திரும்பவில்லை.

இங்கேதான் நாங்கள் நின்றிருக்க வேண்டும். முறுக்கிய பிறகு அது திரும்பி வந்திருக்க வேண்டுமே! "சில நேரம் அப்படிக் கொஞ்சம் ஒளிந்துகொள்ளும்" என்றார். ஐந்தாவதையும் ஆறாவதையும் தளர்த்திப் பார்க்கவில்லை. நான்காவதை இன்னொரு முறை தளர்த்திப் பார்க்கவும் இல்லை. விடை கிடைத்துவிட்ட அறையில் கேள்வியை மறுபடி கேட்பது மரியாதைக் குறைவாகத் தோன்றியதோ என்னவோ. அடுத்த வாரம் எஞ்சினை இறக்குவது என்று நாள் குறித்தோம்.

பதினோராவது முறை

இறக்குவதற்கு முந்தின இரவு தூக்கம் வரவில்லை. அந்த வீடியோவைப் போட்டுப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். எதையும் கண்டுபிடிக்க அல்ல, நாக்கு பல்வலியை நெருடிக்கொண்டே இருக்குமே, அந்த மாதிரி. பத்து முறையும் நான் பார்த்தது அவர் கையை, கேட்டது தட்டலை. பதினோராவது முறை படத்தைப் பார்க்காமல், கைபேசியை நெஞ்சில் கவிழ்த்து வைத்துக்கொண்டு இருட்டில் கேட்டேன். நட்டு தளரும் கிறீச். அதை ஒட்டி, எஞ்சின் சத்தத்துக்கு அடியில், மெல்லிய 'உஸ்ஸ்ஸ்'. அதோடு தட்டல் தேய்கிறது. உடனே தூரத்திலிருந்து பையனின் குரல்: "அண்ணே, ஏர் ஏறிவிட்டது." அதற்கடுத்து, கைபேசிக்கு மிக அருகில் இருந்ததால் எல்லாவற்றையும்விடத் தெளிவாக, எரிச்சலோடு என் குரல்: "சத்தம் போடாதே."

எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.

லாரி ஓட்டாதவர்களுக்கு மட்டும் இரண்டு வரி. பிரேக் காற்றால் வேலை செய்கிறது. அந்தக் காற்றைத் தொட்டிகளில் நிரப்புவது எஞ்சினோடு ஒட்டிய ஏர் கம்ப்ரஸர். அதுவும் ஒரு குட்டி எஞ்சின்தான், அதற்கும் கிராங்க், ராடு, பிஸ்டன், பேரிங் எல்லாம் உண்டு. தொட்டியில் அழுத்தம் எட்டு பாரை ஒட்டி ஏறியதும் ஒரு வால்வு திறந்து காற்றை வெளியே விடும், அதுதான் அந்த 'உஸ்'. அதன்பிறகு கம்ப்ரஸர் சுழன்றுகொண்டே இருந்தாலும் அதன் பிஸ்டன் எதையும் எதிர்த்துத் தள்ள வேண்டியதில்லை. பிரேக்கை நாலைந்து முறை மிதித்து அழுத்தம் ஒரு அளவுக்குக் கீழே இறங்கினால் மறுபடி பாரம் ஏறும். என் லாரியில் அது பெல்ட்டில் ஓடவில்லை, டைமிங் கியரில் பூட்டியிருக்கிறது, கிராங்கின் அதே வேகத்தில் சுழல்கிறது. எஞ்சினின் இடப்பக்கம், முன்னால். எஞ்சினின் ஆயிலைத்தான் அதுவும் குடிக்கிறது, குடித்ததை எஞ்சினின் அடியில் ஆயில் தேங்கும் சேம்பருக்கே திருப்பிவிடுகிறது.

இருட்டில் உட்கார்ந்தபடியே ஒவ்வொரு சாட்சியமாகக் கட்சி மாறுவதைப் பார்த்தேன். விடியற்காலையில் ஏழெட்டு நிமிடம் தட்டியது எஞ்சின் குளிர்ந்திருந்ததால் அல்ல, இரவெல்லாம் கசிந்து தொட்டி காலியாக இருந்ததால். இறக்கத்தில் தட்டியது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததால் அல்ல, எடுத்த காலைப் பிரேக்கில் வைத்ததால். நெரிசலில் தட்டியது சூட்டினால் அல்ல, அடிக்கு ஒரு தரம் பிரேக் மிதித்ததால். வாங்கப் போன நாள்களில் அது ஊமையாக இருந்ததற்குக் காரணம் கெட்டி ஆயிலும் அல்ல, நான் வருவதற்குள் தொட்டி நிரம்பிவிட்டது. பாவம், விற்றவர் உண்மையிலேயே உபசாரமாகத்தான் ஸ்டார்ட் செய்து வைத்தாரோ என்னவோ. வினாடிக்குப் பத்து என்ற என் கணக்கும் அப்படியே பொருந்தியது. எதுவும் மாறவில்லை, ஒரே ஒரு பெயரைத் தவிர.

விடிவதற்கு முன் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்துவிட்டு ஸ்டார்ட் செய்தேன். தட் தட். ஏர் மீட்டர் முள் ஏறும்வரை காத்திருந்தேன். உஸ். அடங்கியது. பிரேக்கை மிதித்தேன், மிதித்தேன், முள் இறங்கியது. தட் தட். மறுபடி உஸ், மறுபடி அமைதி. ஐந்து முறை செய்தேன். மூன்றாவது முறையே போதும், மீதி இரண்டும் மகிழ்ச்சிக்காக.

ஆயில் துளையில் ஒரு நூல்

மெக்கானிக் அண்ணன் எஞ்சின் இறக்குவதற்கான ஏற்பாடுகளோடு வந்தார். நான் ஒன்றும் சொல்லாமல் அவரைக் கேபினில் உட்காரவைத்து, பிரேக்கை மிதிக்கச் சொன்னேன். இரண்டாவது 'உஸ்'ஸிலேயே அவருக்குப் புரிந்துவிட்டது. சாவியைத் திருப்பி எஞ்சினை நிறுத்திவிட்டுச் சிறிது நேரம் ஸ்டீயரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வீடியோவைக் காட்டினேன். கேட்டு முடித்ததும் பையனைக் கூப்பிட்டு, "ஏன்டா, அன்றைக்கே இதைக் கொஞ்சம் உரக்கச் சொல்லியிருக்கக் கூடாதா?" என்றார். அவன் என்னைக் கையால் காட்டினான். "சொன்னேனே அண்ணே. இவர்தான் சத்தம் போடாதே என்றார்."

அவன் ஒன்றும் கண்டுபிடித்துச் சொல்லவில்லை. முள் ஏறியதும் சொல்ல வேண்டும் என்று எப்போதோ பழக்கியிருக்கிறார்கள், சொன்னான். அது எஞ்சின் சத்தத்தைப் பற்றியது அல்ல என்பதால் எனக்கு அது இடைஞ்சலாகப்பட்டது. நான் அனுப்பிய அத்தனை பதிவுகளிலும் இதே குறைதான். ஓடும் எஞ்சினைக் கைபேசி கேட்பதே வேறு மாதிரி: பேச்சுக்காகச் செய்யப்பட்ட அந்த மைக், ஒரே சீராக வரும் இரைச்சலை வேண்டாதது என்று அமுக்கப் பார்க்கும். அதுகூடப் பரவாயில்லை. கேட்பவர்களிடம் சத்தத்தை மட்டும் அனுப்பினேன். கால் எங்கே இருந்தது, முள் எங்கே இருந்தது, அதற்கு முன் என்ன செய்தேன் என்பது எதையும் அனுப்பவில்லை. "எப்படிச் சத்தம் வருகிறது?" என்றே எல்லோரும் கேட்டார்கள், நானும் விதவிதமாக வாயால் செய்து காட்டினேன். எப்போது வருகிறது, எப்போது நிற்கிறது என்று ஒருவர் கேட்டிருந்தால் முதல் வாரத்திலேயே முடிந்திருக்கும். நிற்பது இன்னும் முக்கியம். வருவதை எல்லோரும் கவனிக்கிறார்கள்.

இதைச் சொன்னால் நண்பர்கள் இரண்டு கட்சியாகப் பிரிகிறார்கள். பழைய மெக்கானிக்குகளின் காது காலம் முடிந்துவிட்டது, எல்லாவற்றையும் கருவியால் அளக்க வேண்டும் என்று ஒரு கட்சி. நல்ல காது அமைந்தவர் முதல் நாளே சொல்லியிருப்பார் என்று இன்னொரு கட்சி. எனக்கு இரண்டும் ஒப்பவில்லை. அவர் காது தவறு செய்யவே இல்லை. பேரிங் என்றார், பேரிங்தான். ராடு என்றார், ராடுதான். ஃபில்டரில் கிடந்த செம்பும் பேரிங்கிலிருந்து வந்ததுதான். எந்த எஞ்சினின் ராடு என்பதில்தான் பிசகு. கருவி வைத்து அளந்திருந்தாலும் அது வினாடிக்குப் பத்து என்று என்னைப் போலத்தான் சொல்லியிருக்கும்.

கம்ப்ரஸரைக் கழற்றி மேசைமேல் கவிழ்த்தார். அடிமூடியை எடுத்ததும் என் கையைப் பிடித்து உள்ளே விட்டு, ராடின் அடிப்பகுதியைப் பற்றி மேலும் கீழும் ஆட்டச் சொன்னார். ஆடியது. அளக்கக் கருவி எதுவும் வேண்டியிருக்கவில்லை, கட்டைவிரலுக்கே தெரிந்தது, டொக் என்று. கழற்றிய பேரிங் ஓட்டைத் துடைத்துக் காட்டினார். நடுவில் நாக்கு வடிவில் செம்பு பளபளத்தது, ஓரங்களில் மட்டும் பழைய சாம்பல்நிறப் பூச்சு மிச்சம். ஆனால் அவர் அதைக் கீழே வைத்துவிட்டு, எஞ்சினிலிருந்து ஆயில் வரும் சிறு துளையில் ஒரு கம்பியை விட்டார். வெளியே வந்தது காய்ந்துபோன கேஸ்கெட் பசை, ஒரு அங்குலத்துக்கும் குறைவான நூல், ரப்பர் மாதிரி. எப்போதோ யாரோ கம்ப்ரஸரைக் கழற்றி மாட்டியபோது பசையைத் தாராளமாகத் தடவியிருக்கிறார். அழுத்தி முறுக்கியதும் உள்பக்கமாகப் பிதுங்கியது துளையில் போய் அமர்ந்துவிட்டது. துளை முழுக்க அடைபடவில்லை. அடைபட்டிருந்தால் ஒரே நாளில் இறுகி நின்றிருக்கும். பாதி அடைபட்டதால் பாதி ஆயிலில் வருடக்கணக்காக ஓடியிருக்கிறது.

பேரிங் மாற்றி, ராடின் பிடிப்பை அளந்து, கிராங்கை மெருகேற்றி, சேம்பரையும் கழுவி, புது ஃபில்டரோடு மாட்டினோம். மூடி ஒட்டும்போது பையன் பசையை எடுத்தான். அண்ணன் அதை வாங்கி, விரல் நுனியில் ஒரு கோடு மட்டும் இழுத்துக் காட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். ஸ்டார்ட் செய்தோம். மூவரும் முள்ளைப் பார்த்துக்கொண்டு நின்றோம். தட்டல் இல்லாமலே ஏறியது. "ஏர் ஏறிவிட்டது" என்றான் பையன், கொஞ்சம் உரக்கவே.

இப்போது புதிதாக ஒன்று கேட்கிறது. பெரிய தட்டல் போனதால் வெளியே தெரிகிறதோ என்னவோ, மெல்லிய ஒரு 'டிக்டிக்'. காலையில் ஸ்டார்ட் செய்ததும் வருகிறது, ஐந்து நிமிடத்தில் நின்றுவிடுகிறது, பிரேக்கை மிதித்தாலும் திரும்பி வருவதில்லை. மேனிஃபோல்டின் ஆறாவது சிலிண்டர் மூட்டில் விரலகலத்துக்குக் கரி படிந்திருப்பதைப் பார்த்தேன். யாரிடமும் இன்னும் சொல்லவில்லை, பதிவும் செய்யவில்லை. வருகிற நேரத்தையும் நிற்கிற நேரத்தையும் மட்டும் ஒரு சீட்டில் குறித்து ஏர் மீட்டருக்குப் பக்கத்தில் செருகி வைத்திருக்கிறேன்.